வண்டிக்கு அளவெடுத்த கதை

எனக்கு உயரம் குறைவு, கோபம் அதிகம். இரண்டும் அம்மா வழியில் வந்தவை, இரண்டையும் நான் குறையாக நினைத்ததில்லை. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் எனக்குத் தையல் கடை இருக்கிறது. என் பெயரில் போர்டு, என் கையில் சாவி, எனக்குக் கீழே இரண்டு பெண்கள் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார்கள். வீடு இருப்பதோ சந்தாபுராவில். நடுவில் ஓசூர் ரோடு மொத்தமும் கிடக்கிறது.

அந்த ரோட்டை நான் மோட்டார் சைக்கிளில் கடக்கிறேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் வைத்த வண்டி. மெட்ரோதான் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதே, அதில் போகலாமே என்பார்கள். ஆட்டோ பிடித்து, மெட்ரோ ஏறி, அதில் மாறி, மறுபடி பஸ்ஸில் தொங்கி, தோளில் துணி மூட்டையோடு மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு யோசனை சொல்லட்டும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஓசூர் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கினால் திரும்ப ஏற யோசிக்கும், அதனால்தான் பைக் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் ஷோரூமில் பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கினேன். கறுப்பு வண்டி, டேங்கில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. விற்க நின்றவர், “சாருக்கா மேடம்?” என்று கேட்டார். “சாருக்குக் கம்பெனி பஸ் இருக்கு. இது எனக்கு” என்றேன்.

சார் என்றது என் வீட்டுக்காரரை. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷர். ஆனால் எங்கள் தெருவில் என் பின்னால் உட்கார மாட்டார். சேர்ந்து எங்கேயாவது போவதானால் மெயின் ரோடு மெடிக்கல் ஷாப் வரை நடந்து போய் நிற்பார், நான் அங்கே போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். கேட்டால், “கொஞ்சம் நடந்தா உடம்புக்கு நல்லதுதானே” என்பார். நானும் நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாங்கிய புதிதில் எதுவும் தெரியவில்லை. ஆசை இருக்கும்வரை வலி கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. முதலில் கழுத்து. பிறகு இடுப்பு. கடைசியில் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. பொம்மனஹள்ளி தாண்டினால் போதும், சொல்லி வைத்தாற்போல மரத்துவிடும். சில்க் போர்டு சிக்னலில் கையை உதறிக்கொண்டே நிற்பேன். தன்னைத்தான் நகரச் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து வண்டிக்காரர் முறைப்பார்.

கழுத்து வலியோடு தைத்துவிடலாம். விரல் மரத்தால் தைக்க முடியாது. துணியின் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதே விரலால்தான். ஒருநாள் கல்யாணப் பட்டு ஒன்றை வெட்டும்போது கத்தரி கோணலாகப் போனது. நல்லவேளை, ஓரத்தில். தையலுக்குள் மடித்து மறைத்துவிட்டேன். ஆனால் அன்று அதற்குப் பிறகு நான் கத்தரியைத் தொடவில்லை.

டாக்டர் கையைத் தட்டியும் மடக்கியும் பார்த்தார். உள்ளங்கை வழியாகப் போகிற நரம்பு அழுந்துகிறது என்றார். “உடம்பு பாரத்தை எல்லாம் கையில போட்டு ஓட்டுறீங்க. இப்படியே விட்டா பிடிமானம் குறைஞ்சிடும். வண்டியை நிறுத்துங்க, இல்லாட்டி உட்கார்ற விதத்தை மாத்துங்க” என்றார். என் வீட்டுக்காரர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

“வண்டியைத் தம்பிக்குக் கொடுத்துடலாம். அவனும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கான்” என்றார் வீட்டுக்கு வந்ததும். “நீ முன் ரூம்ல மெஷினைப் போட்டுத் தைக்கலாமே. சந்தாபுராவுல பொம்பளைங்க பிளவுஸ் போடுறது இல்லையா?”

முன் ரூமில் மெஷின் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் நடுவே புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், பேண்டுக்கு ஜிப் மாற்றுவேன். கல்யாணப் பட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் முன் ரூமுக்கு வர மாட்டார்கள். போர்டு இருக்காது. வண்டி போனால் பின்னாலேயே கடையும் போகும். “ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள சரி பண்ணிக் காட்டுறேன். இல்லைன்னா உங்க தம்பியே வந்து பூஜை போட்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும்” என்றேன். கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னதுதான். அவர் உடனே தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

கடைக்குப் போகும் வழியில் ஆடுகோடியில் ஒரு மெக்கானிக் இருந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், கை சுத்தமான வேலைக்காரர். விஷயத்தைச் சொன்னதும், “ஹேண்டில் உங்களுக்கு ரொம்பக் கீழ இருக்கு அக்கா, தூக்கிடலாம்” என்று ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு அலுமினியக் கட்டைகளை வைத்துப் பூட்டினார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொன்னார். செருப்புக் காலோடு ஏறி, முதுகை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தேன். கை இரண்டும் சுகமாக மடங்கி நின்றன. “ஹேகிதெ அக்கா, எப்படி இருக்கு?” என்றார். “சூப்பராகிதெ” என்றேன். எனக்கே நம்ப முடியவில்லை, இவ்வளவுதானா என்று.

இவ்வளவு இல்லை. ரோட்டில் இறங்கியதும் அந்தச் சுகம் காணாமல் போய்விட்டது. விரல் வழக்கம்போல பொம்மனஹள்ளியில் மரத்தது, கூடவே தோளும் சேர்ந்துகொண்டது. திரும்பப் போய்க் கேட்டேன். “ஸ்வல்ப தின அட்ஜஸ்ட் மாட்கொள்ளி அக்கா, கொஞ்ச நாள்ல பாடி பழகிடும்” என்றார். இந்த ஊரில் பஸ்ஸில் சீட்டுக்கும் அதே ‘அட்ஜஸ்ட்’ வார்த்தை, தண்ணீர் வராவிட்டாலும் அதே வார்த்தை, வாடகை ஏறினாலும் அதே வார்த்தை. எத்தனை நாள்தான் நானே வளைந்து கொடுப்பது? வளைந்து கொடுத்துத்தான் நரம்பு இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். மெக்கானிக் நல்ல மாதிரி என்பதால் சொல்லாமல் வந்தேன்.

அன்று சாயந்திரம்தான் மானம் போனது. எங்கள் தெருவில் திரும்பி, வீட்டு கேட்டுக்குள் விட ஹேண்டிலை முழுசாக ஒடித்தேன். நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக உறுமிக்கொண்டு பாய்ந்தது. கிளட்சைப் பிடிப்பதற்குள் எதிர்வீட்டுத் துளசித் தொட்டியில் போய் இடித்து நின்றது. ஹேண்டில் உயர்ந்த அளவுக்கு ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீளவில்லை. முழுசாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு வண்டி தானே வேகம் பிடித்திருக்கிறது. எதிர்வீட்டம்மா வெளியே வந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் குனிந்து உடைந்த தொட்டியையும் மண்ணையும் அள்ளினார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கடைக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். பழைய வாடிக்கை. வேறு யாரோ தைத்த பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து, “ஸ்லீவ் ரொம்ப இழுக்குது. பிரிச்சுக் கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க” என்றார். போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். கண்ணாடி முன்னால் வந்து மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, தோளைப் பின்னால் தள்ளி விறைப்பாக நின்றார். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், தாங்கள் நிற்க விரும்புகிற மாதிரி நிற்பார்கள்.

“அப்படி நிக்காதீங்க டீச்சர். போர்டுல எழுதும்போது எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க. கையைத் தூக்குங்க. இப்ப பஸ்ல உட்கார்ற மாதிரி உட்காருங்க” என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. “ஸ்லீவ்ல ஒரு தப்பும் இல்ல. தோள் முன்னாடி இறங்குது. அது இறங்குறதாலதான் ஸ்லீவ் இழுக்குது. தோளைச் சரி பண்ணாம ஸ்லீவை எவ்வளவு பிரிச்சாலும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. வாயில் குண்டூசிகள் இருந்ததால் கத்தவில்லை.

இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறேன், என் வண்டிக்கு வந்ததும் ஸ்லீவைப் பிரித்திருக்கிறேன். கை மரத்தது என்றதும் கை பிடிக்கிற ஹேண்டிலில் போய் வேலை செய்தோமே, என்னைக் கையில் சாய வைத்தது எது என்று பார்த்தோமா? அதுவும் எப்படி அளவு கொடுத்தேன்? ஸ்டாண்டு போட்ட வண்டியில், செருப்போடு, ஹெல்மெட் இல்லாமல், முதுகில் மூட்டை இல்லாமல், மூச்சை அடக்கிய டீச்சரம்மா மாதிரி. சென்டர் ஸ்டாண்டில் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இறக்கி உட்கார்ந்தால் என் எடைக்குப் பின்பக்கம் அமுங்கும், ஹேண்டில் தள்ளிப் போகும். சும்மா நிற்கிற வண்டிக்கு அளவு எடுத்து, ஓடுகிற வண்டியில் வலிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தேன். “என்ன மேடம், ஊசி குத்திடுச்சா?” என்று டீச்சரம்மா கேட்டார். “இல்ல, இப்பதான் எடுத்தேன்” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

ஆடுகோடியில் அந்தக் கட்டைகளைக் கழற்றி, ஹேண்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கேபிள் இழுப்பு அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தினேன். வேலைக்குப் போவதுபோலவே தடித்த கோட்டு, ஹெல்மெட், ஷூ, முதுகில் துணி அடைத்த பை. கழுத்தில் அளவு டேப். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பின்னாலிருந்து வண்டியைப் பிடிக்கச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முனகிக்கொண்டே வந்தார். நான் ஏறி, கண்ணை மூடி, உடம்பை இறுக்காமல் உட்கார்ந்தேன். “நான் உட்கார்ந்திருக்கிற இடத்துல சீட்ல ஒரு கோடு போடுங்க” என்று தையல் சாக்பீஸைக் கொடுத்தேன். போட்டார். “இப்ப கொஞ்ச தூரம் தள்ளுங்க. நான் பிரேக் பிடிப்பேன். மறுபடி தள்ளுங்க. சிக்னல் சிக்னலா நிக்கிற மாதிரி.”

அப்படியே தெருக்கோடி வரை தள்ளினார். கடைசியில் நின்றபோது, “அட, கோடு இங்க இருக்கு, நீ எங்க போயிட்ட!” என்றார். திரும்பிப் பார்த்தேன். ஒரு சாண் முன்னால் வழுக்கி டேங்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். சீட் முன்பக்கம் சரிந்திருந்தது. உயரமான ஆட்கள் முழங்காலால் டேங்கைப் பிடித்து நின்றுவிடுவார்கள். என் முழங்கால் டேங்கின் பள்ளத்துக்கு எட்டவே இல்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் வழுக்க, வழுக்காமல் இருக்கக் கையை ஊன்ற, சந்தாபுராவிலிருந்து சிவாஜிநகர் வரை இதுவே நடந்திருக்கிறது. எதிர்வீட்டம்மா புதுத் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, “என்னம்மா, வண்டிக்கு பிளவுஸ் தைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். “ஆமா, பின்னாடி ஹூக் வச்சு” என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். துளசித் தொட்டிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சீட்டை நானே தைத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. வெளியே கொடுத்திருந்தால் மெத்தென்று பஞ்சு வைத்துக் கொடுத்திருப்பார்கள். எனக்கு வேண்டியது மெத்து இல்லை, வழுக்காத இடம். அடியில் இருந்த பின்களைப் பிடுங்கி உறையை உரித்தேன். பிரெட் வெட்டும் பல் கத்தியால் ஃபோமைச் செதுக்கினேன். அந்தக் கத்திக்காக வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. நான் உட்கார வேண்டிய இடத்தில் பள்ளம், அதற்கு முன்னால் கெட்டி ஃபோமில் ஒரு மேடு, முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் ஒல்லியாக்கினேன், கால் தரைக்கு நேராக இறங்குவதற்காக. முதல் தடவை பள்ளம் அதிகமாகி, தொட்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒட்டி மேடாக்கி மறுபடி செதுக்கினேன். கல்யாணப் பிளவுஸுக்கே ட்ரையல் பார்க்கிறோம், இதற்குப் பார்க்கக் கூடாதா? ஒவ்வொரு தடவையும் கோட்டு, ஹெல்மெட், ஷூ எல்லாம் மாட்டித்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் வந்து தள்ளினார். போகப் போகக் கூப்பிடாமலே வந்தார்.

உறையைக் கடையில் பெரிய மெஷினில் தைத்தேன். ரெக்ஸின் உறை, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது, பாதத்துக்கு அடியில் செலோ டேப் ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். உட்காருகிற இடத்தில் தையலே வராமல் பார்த்துக்கொண்டேன். ஊசி போன ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால் ஃபோம் ஊறிவிடும், இந்த ஊர் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். ஓரத்தில் மட்டும் சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போட்டேன், டேங்கில் இருக்கும் கோட்டுக்கு ஜோடியாக. மெஷினில் இருந்த பெண்கள் இருவரும் எழுந்து வந்து தடவிப் பார்த்தார்கள். பட்டு பிளவுஸுக்குக்கூட அவர்கள் அப்படி எழுந்து வந்ததில்லை.

சீட் சரியானதும் மற்றதெல்லாம் தன்னால் வழிக்கு வந்தது. இடுப்பு நின்ற இடத்தில் நின்றது. முழங்கால் டேங்கின் பள்ளத்தைப் பிடித்தது. அதன்பிறகு ஹேண்டிலை அதன் பிடியிலேயே கொஞ்சம் என் பக்கம் சுழற்றினால் போதுமாக இருந்தது, கட்டையே தேவைப்படவில்லை. பிரேக், கிளட்ச் லீவர்களை முழங்கையிலிருந்து விரல் வரை நேர்கோடாக வரும்படி கீழே இறக்கினேன். அதுவரை ஒவ்வொரு கிளட்சுக்கும் மணிக்கட்டை மேலே மடக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கியர் பெடலை என் ஷூ நுழையும் அளவுக்கு உயர்த்தினேன். கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை. என் வீட்டுக்காரர் துளசித் தொட்டிக்கு முன்னால் காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கிளம்பினேன். எலக்ட்ரானிக் சிட்டி வந்தது, போனது. பொம்மனஹள்ளி நெருங்கும்போது விரலையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன், வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று. வரவில்லை. சில்க் போர்டில் சிவப்பு விளக்கு. பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன், உதற ஒன்றும் இல்லை. சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். என் விரல் என்னிடமே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். கடையில் ஏறி, பையைக்கூட இறக்காமல் மெல்லிய ஊசியை எடுத்து நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே கோத்துவிட்டது. பெருமையாக இருந்தது. நானே கண்டுபிடித்து, நானே வெட்டி, நானே தைத்தது. பெருமைப்படாமல் என்ன செய்வது?

ஆயுத பூஜையன்று காலையில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டிலில் வாழைக்கன்று கட்டி வாசலில் நிறுத்தியிருந்தேன். அங்கே பூஜையை முடித்துக்கொண்டு கடைக்குப் போய் மெஷின்களுக்குப் பூஜை போட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார் என் கொழுந்தனார். ஒரு கையில் புது ஹெல்மெட், மறு கையில் ஸ்வீட் பாக்ஸ். வண்டி சரியாகிவிட்டது, வர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை என்பது அவர் சுவரைப் பார்த்து நின்றதிலேயே தெரிந்தது. நான் வண்டியைச் சரி பண்ணிவிட்டேன்தான், ஆனாலும் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கோபத்தில் சொன்னதும் என் வாய்தான்.

“அண்ணி, ஒரு ரவுண்டு போய்ப் பாக்கவா?” என்றார். சாவியைக் கொடுத்தேன்.

கொழுந்தனார் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். ஏறி உட்கார்ந்தார். நான் வைத்த மேடு அவரை ஏறவிடவில்லை, பள்ளம் அவருக்குப் போதவில்லை. முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் போய் இடித்தன. கியர் பெடலுக்கு அடியில் ஷூ நுழையவில்லை. எதிர்வீட்டம்மா தொட்டியை நகர்த்தி உள்ளே வைத்துக்கொண்டார். தெருக்கோடி வரை ஒரு மாதிரி போய்த் திரும்பி வந்து, இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணா இது? நல்ல வண்டியை இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க. இதுல மனுஷன் உட்கார முடியுமா? எனக்குச் சுத்தமாச் சேரலையே!”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். “உனக்கு எப்படிடா சேரும்? அது உங்க அண்ணி தன் அளவுக்குத் தச்சது. நான்தான் கூட இருந்து கோடு போட்டேன்” என்றார். கோடு போட்டதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு தம்பியின் கையிலிருந்து அந்தப் புது ஹெல்மெட்டை வாங்கினார். “இதைக் குடு. நீ உள்ள போய் டிபன் சாப்பிடு, நாங்க கடை பூஜையை முடிச்சிட்டு வந்துடுறோம்.”

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏறி உட்கார்ந்து எஞ்சினை எழுப்பினேன். அவர் மெடிக்கல் ஷாப்புக்கு நடக்க ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக்கொண்டு, தம்பி பார்க்க, எதிர்வீட்டம்மா பார்க்க, எங்கள் வாசலிலேயே என் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“போலாம்” என்றார்.